காற்று விடவில்லை என்று எழுதிய தளபதிகள்

புதிதாக ஒலிவாங்கிக்கு முன் அமரப் போகும் உங்களில் ஒருவர் கேட்டிருந்தீர்கள், நேரடி ஒலிபரப்பில் ஏதாவது பிழைத்துப்போனால் முதலில் என்ன செய்ய வேண்டும் என்று. கருவியைப் பற்றிய கேள்வி என்றால் என்னிடம் பதில் இல்லை. நான் விலகிய பிறகு கலையகத்தின் ஒலிக்கலவைப் பலகையையே மாற்றிவிட்டார்கள் என்று அறிகிறேன். மனிதரைப் பற்றிய கேள்வி என்றால், என் நாட்குறிப்பில் ஒரு பக்கம் இருக்கிறது.

இருபத்திரண்டு ஆண்டுகள் நம் வானொலியில் தயாரிப்பாளராக இருந்தேன். ஒவ்வொரு ஒலிபரப்புக்கும் ஒரு பக்கம் எழுதினேன்: தொடங்கிய நேரம், முடிந்த நேரம், பேசியவர், பிழையாகிப்போனது. வலது காது மெல்ல மெல்ல மங்கியதால் ஐம்பத்தாறு வயதில் விலகினேன். இப்போதும் சனிக்கிழமை பதினொன்றரை ஆனால், வீட்டில் எந்த வேலையில் இருந்தாலும் என் பேச்சு தானாக நின்றுவிடுகிறது. கலையகத்தில் சிவப்பு விளக்கு எரியும் நேரம் அது. அந்த விளக்குக்காக இவ்வளவு ஏங்குவேன் என்று விலகும்போது எனக்குத் தெரியாது.

உங்களுக்குத் தெரிந்ததுதான் என்றாலும் நம் வழக்கத்தை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். நம் வானொலி அங்கத்தவர்களுடையது. ஆண்டுக்கு ஒருமுறை இங்கே சிட்னியில், பென்டில் ஹில் மண்டபத்தில் கூடி, கையை உயர்த்திச் செயற்குழுவைத் தெரிவுசெய்கிறோம். தெரிவானவர்கள் கூட்டம் கூடிவிட்டுக் கலைவதில்லை. முறைவைத்துக் கலையகத்துக்கு வந்து, நேரடி ஒலிபரப்பின்போது பொறுப்பாக அமர்கிறார்கள். எந்த அழைப்பை உள்ளே விடுவது, எதை வெட்டுவது என்பது அவர்கள் முடிவு. அறையைப் பிரிக்கும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருக்கும் தயாரிப்பாளர் அவர்களின் கையைப் பார்த்து, ஒலியைத் திறந்து மூடும் ஃபேடரை ஏற்றி இறக்குவார். உள்ளங்கை கீழே பார்த்தால் வெட்டு. இருபத்திரண்டு ஆண்டுகளில் அந்தக் கையை நான் ஒருமுறைதான் மறுத்தேன்.

அது எங்கள் தலைவருடைய கை. அவரைப் பெயர் சொல்லாமல் அண்ணை என்றே குறிப்பிடுகிறேன்; எல்லோரும் அப்படித்தான் அழைத்தோம். மன்னார்க் கரையைச் சேர்ந்தவர். அப்போது வயது அறுபத்து நான்கு. ஒன்பது ஆண்டுகள் தொடர்ந்து தெரிவானவர். தலைவராக இருந்துகொண்டே வாசிக்கவும் செய்வார். அவர் ஒரு வசனத்தை வாசித்தால் அதன் நிறுத்தக்குறிகள்கூடக் காதில் விழும். அப்படி ஒரு குரலை அதன்பிறகு நான் ஒலிபரப்பவில்லை.

அந்த ஆண்டு ஒரு வரலாற்றுத் தொடர் எழுதினேன். ஊரில் உயர்தரப் பரீட்சைக்குக் கிரேக்க உரோம நாகரிகம் படித்தவள் நான். பாடப்புத்தகம் மெலிந்தது, அதில் இரண்டே பக்கத்தில் முடிந்துபோன ஒரு விடயம் பல ஆண்டுகளாக மனதில் கிடந்தது. பண்டைய ஏதென்ஸில் பெரும்பாலான பதவிகளைக் குலுக்கிப் போட்டுத்தான் நிரப்பினார்கள். தளபதிகளை மட்டும் அப்படி எடுக்க அவர்களுக்குத் துணிவில்லை. ஆண்டுதோறும் பத்துப் பேரை மக்கள் கூடிக் கையை உயர்த்தித் தெரிவுசெய்தார்கள். ஒருவரையே எத்தனை முறையும் தெரிவுசெய்யலாம். அதனால் ஒரு வினோதம் நடந்தது. கப்பற்படை போக வேண்டும் என்று அவையில் வாதாடி வாக்குக் கேட்டவரே, மறுநாள் அந்தக் கப்பலில் ஏறிக் கட்டளையிடுவார். திரும்பி வந்தபின் அதே அவையில் நின்று பதில் சொல்வார். அரசியல் பதவியும் படைத்தலைமையும் ஒரே ஆளின் இரண்டு தோள்களில் இருந்தன.

தொடர் இப்படிப் பிடிக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. முதல் வாரமே ஒரு அங்கிள் அழைத்து, இது எங்கட கோயில் நிர்வாகசபை போலக் கிடக்கு, தலைவரும் அவர், தேர்வடத்தில முன்னுக்கு நிற்கிறவரும் அவர் என்று சிரித்தார். சென்னைக்காரர் ஒருவர், "மேடம், தோத்து வந்தா தலைவருக்கே தண்டனைங்கிறீங்க. அப்புறம் யாருங்க எலெக்‌ஷன்ல நிப்பாங்க?" என்று கேட்டார். அண்ணை ஒலிவாங்கியில் அவருக்குச் சொன்ன பதிலை நான் எழுதி வைத்திருக்கிறேன்: "நிண்டவை தம்பி. பதவி எண்டால் ஆர் விட்டது? ஒன்பது வருசமா நானே நிக்கிறன்."

ஆறாவது வாரத்துக்கு நான் எடுத்துக்கொண்டது அர்கினூசே கடற்போர். அந்த ஆண்டின் தளபதிகளில் எட்டுப் பேர் சேர்ந்து நடத்தியது. ஏதென்ஸ் வென்றது. ஆனால் இருபத்தைந்து கப்பல்கள் உடைந்து, ஆட்கள் தண்ணீரில் கிடந்தார்கள். அவர்களை எடுக்கக் கப்பல்களை ஒதுக்கினார்கள், காற்று எழுந்தது, எடுக்கவில்லை. காற்று விடவில்லை என்று தளபதிகள் ஊருக்குக் கடிதம் எழுதினார்கள். திரும்பி வந்த ஆறு பேரை மக்கள் அவை விசாரித்தது. இறந்தவர்களின் உறவினர் கறுப்பு உடுத்து, தலையை மழித்துக்கொண்டு வந்து நின்றார்கள். மாவு வைக்கும் மரத்தொட்டி ஒன்றைப் பிடித்துக்கொண்டு தப்பியதாக ஒருவன் வந்து, மூழ்கியவர்கள் தன்னிடம் சொல்லியனுப்பியதைச் சொன்னான். ஆறு பேருக்கும் ஒரே வாக்கு, மரணம். பிறகு அதே மக்கள் அதற்காக வருந்தினார்கள்.

விவரணையை நான் வாசிப்பது, தளபதிகளின் கடிதத்தை அண்ணை வாசிப்பது என்று பிரித்திருந்தேன். எழுத்துப்படியை அவருக்குத் திங்கட்கிழமை அனுப்பினேன். புதன்கிழமை மாலை அழைத்தார்.

"தங்கச்சி, இந்தக் கிழமை கடிதத்தை வேற ஆரும் வாசிக்கட்டும்."

தொண்டை சரியில்லையா என்று கேட்டேன். தொண்டைக்கு ஒன்றும் இல்லை என்றார். நான் அட்டவணையைப் பற்றிப் பேசினேன். அறிவித்தாகிவிட்டது, மாற்றுக்கு ஆள் இல்லை, உங்கள் குரலை நினைத்துத்தான் எழுதினேன் என்றெல்லாம் வரிசையாகச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப சரி" என்றார். அன்றைய பக்கத்தில் என் கையெழுத்தில் இருக்கிறது: அண்ணை, வாசிக்க மனமில்லை, காரணம் சொல்லவில்லை, மாற்றவில்லை.

அந்தப் பக்கத்தில் என் பிழை அதுதான். ஒன்பது ஆண்டுகளில் ஒருமுறைகூட எதையும் மறுக்காத ஒருவர் மறுத்தபோது நான் அட்டவணையைப் பார்த்தேன். ஏன் அண்ணை என்று இரண்டாம் முறை கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரா என்பது வேறு விடயம்.

சனிக்கிழமை பதினொன்று முப்பதுக்குத் தொடங்கினோம். அன்று கலையகப் பொறுப்பும் அண்ணையுடையதே. கடிதத்தை ஒரு தடுமாற்றமும் இல்லாமல் வாசித்தார். "கப்பல்களை அனுப்பினோம். காற்று விடவில்லை." அந்த இரண்டு வசனங்களுக்கும் இடையில் நான் எழுத்துப்படியில் குறிக்காத ஒரு இடைவெளி விட்டார். நன்றாக இருக்கிறது என்று நினைத்தேன். விசாரணை வரை போய் நிறுத்தினோம். தீர்ப்புக்கு முன் நேயர்களின் அழைப்புக்குப் பத்து நிமிடம் வைத்திருந்தேன். நீங்கள் அந்த அவையில் இருந்தால் கையை உயர்த்துவீர்களா என்று கேட்பது என் திட்டம்.

முதல் அழைப்பு குவேக்கர்ஸ் ஹில்லில் இருந்து. பெயர் மெற்றில்டா. கேள்வி என்ன என்று கேட்டேன். தளபதிமாரிட்ட ஒன்று கேட்க வேணும் என்றார். ஃபேடரை ஏற்றினேன்.

"வணக்கம், சொல்லுங்கோ," என்றார் அண்ணை.

"வணக்கம். காத்து விடேல்ல எண்டு கடிதத்தில வாசிச்சியள். அது மெய்யோ?"

"ஓம். பெரிய காத்து எண்டுதான் எழுதியிருக்கு."

"தண்ணியில கிடந்தவையை இவை கண்டவையோ? கண்டிட்டு விட்டவையோ, காணாமல் விட்டவையோ?"

அண்ணை எழுத்துப்படியைப் பார்த்தார். அதில் அதற்குப் பதில் இல்லை என்று எனக்குத் தெரியும். அப்படியான விவரம் எழுதப்படவில்லை என்றார்.

"இதையும் எழுதேல்லையோ," என்றது அந்தக் குரல். "நான் சூசைன்ர தங்கச்சி."

அண்ணையின் உள்ளங்கை கீழே திரும்பியது. நான் வெட்டினேன். முன்கூட்டி எடுத்து வைத்திருந்த ஒரு பழைய பாட்டைத் தொடக்கினேன். நேரம் பதினொன்று ஐம்பத்திரண்டு. பாட்டின் நீளம் நாலு நிமிடம் பன்னிரண்டு விநாடி. இத்தனையும் கை தானாகச் செய்தது. ஒன்றை மட்டும் செய்யவில்லை: தொலைபேசி இணைப்பைத் துண்டிக்கவில்லை. அது நிறுத்திவைத்தபடி மினுங்கிக்கொண்டிருந்தது.

இரண்டு அறைக்கும் இடையிலான உள்தொடர்பில் அண்ணை, லைனை வெட்டிவிடுங்கோ என்றார். யார் அண்ணை சூசை என்று கேட்டேன்.

அவர் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார். கண்ணாடிக்குள் அவர் உதடு அசைவது தெரிந்தது, கேட்கவில்லை. நான் எழுந்து கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனேன். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது தயாரிப்பாளர் பலகையை விட்டு எழும்பக் கூடாது. எழும்பினேன்.

முப்பது ஆண்டுகளுக்கு முன் தான் ஊரில் கடற்றொழிலாளர் சங்கத்தின் தலைவர் என்றார். முப்பத்து நான்கு வயது. சங்கத் தலைவர்தான் மீன்பிடி வள்ளங்களைக் கூட்டிக்கொண்டு போவார். போவதும் திரும்புவதும் கடலில் அவர் சொல்வதுதான். ஒரு நாள் மூன்று வள்ளம் போனது, இரண்டு வந்தது; வராதது சூசையுடையது.

"விசாரிக்கேல்லையோ அண்ணை?"

"கூட்டம் வைச்சது."

"ஆர் தலைமை?"

"நான்தான்," என்றார்.

மேசையில் என் எழுத்துப்படி கிடந்தது. ஆறு வாரமாக நான் எழுதிக்கொண்டிருந்தது இதைப் பற்றித்தான், அது எனக்கே தெரியாமல். கட்டளையிட்டவரே பதவியிலும் இருந்தால், அவரிடம் யார் கேள்வி கேட்பது? ஏதென்ஸ்காரர்கள் கேட்டார்கள், கேட்டுக் கொன்றுவிட்டார்கள். அண்ணையின் ஊரில் எவரும் கேட்கவில்லை. சங்கத்தின் கூட்டம், அதற்குத் தலைமையும் அதே சங்கத் தலைவர், அத்தோடு கேள்வி முடிந்தது.

பலகைக்குத் திரும்பி இணைப்பை என் காதுக்கு எடுத்தேன். பாட்டில் இரண்டு நிமிடம் ஐம்பது விநாடி மிச்சம். நான் தயாரிப்பாளர் என்று சொல்லி, இப்போது ஒலிபரப்பில் இல்லை, அவரோடு தனியாகப் பேசலாம், இணைத்துவிடட்டுமா என்று மெற்றில்டாவிடம் கேட்டேன். எனக்கு அது நல்ல வழியாகத் தெரிந்தது. எவருக்கும் அவமானம் இல்லாத வழி.

"வேண்டாம் அக்கா," என்றார். குரலில் கோபம் இல்லை. "தனியச் சொல்லுறதெண்டால் எப்பவோ சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு ஞாயிறும் மாதா கோயில் வாசல்ல காணுறன். சுகமோ எண்டு கேக்கிறார். சுகம் எண்டு சொல்லுறன்."

பிறகு அந்தக் கூட்டத்தைப் பற்றிச் சொன்னார். அவருக்கு அப்போது இருபது வயது. பெண்களை மண்டபத்துக்குள் விடவில்லை. தாயும் அவரும் வெளியே யன்னலடியில் நின்றிருக்கிறார்கள். வள்ளம் பிரிந்து போனது, பிறகு காணவில்லை என்று உள்ளே வாசித்தது கேட்டது. காணவில்லை என்ற அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு, மகன் ராமேசுவரக் கரையில் ஏறியிருப்பான் என்று தாய் நம்பினார். அங்கிருந்து திரும்பி வந்த ஒவ்வொருவரிடமும் கேட்டார். தாய் இறந்தபின் மெற்றில்டா கேட்டார். சிட்னிக்கு வந்த பிறகும், இந்தியாவில் அகதி முகாமில் இருந்தவர் என்று எவரையாவது கண்டால், அவரை அறியாமல் வாய் கேட்டுவிடுமாம்.

"செத்தவனெண்டால் செத்தவன் எண்டு இருப்பன் அக்கா. அவையள் கண்டவையோ எண்டதுதான் எனக்கு வேணும். அண்டைக்கு வெளியில நிண்டு கேட்டனான். இண்டைக்கு ஆக்கள் கேக்கிற இடத்தில சொல்லட்டும்."

ஒரு நிமிடம் நாற்பது விநாடி மிச்சம்.

உங்களில் எவருக்காவது இப்படியொரு ஒன்றரை நிமிடம் வரலாம். அதனால் அதில் என் தலைக்குள் ஓடியதை ஒளிக்காமல் எழுதுகிறேன். முதலாவது, விதி: ஃபேடர் பொறுப்பாளருடையது. இரண்டாவது, மூன்று வாரத்தில் ஆண்டுக்கூட்டம். அண்ணைக்கு எதிராக நான் ஏதோ செய்ததாகப் பேசுவார்கள். மூன்றாவது, இதற்கு ஆயத்தமில்லாமல் வந்த ஒரு மனிதரை ஆயிரம் காதுகளின் முன் தள்ளுவது நியாயமா? அந்த மூன்றாவதுதான் பாரமாக இருந்தது. அந்த ஆறு தளபதிகளுக்கும் பேசப் போதிய நேரம் கொடுக்கவில்லை என்று நானே சற்று முன்தான் வாசித்திருந்தேன். அப்படி ஒரு அவையை நான் நடத்தப் போகிறேனா என்று பயந்தேன்.

கண்ணாடிக்குள் பார்த்தேன். அண்ணையின் உள்ளங்கை இன்னும் கீழே பார்த்தபடி மேசையில் கிடந்தது. அந்தக் கையைப் பார்த்தபோதுதான் விடயம் தெளிந்தது. உள்தொடர்பை அழுத்தினேன்.

"அண்ணை, இது உங்களைப் பற்றின அழைப்பு. இதுக்கு நீங்கள் கை காட்டேலாது."

"அப்ப நீயோ காட்டுறது?" அவர் என்னை நீ என்று சொன்னது அந்த ஒரு முறைதான்.

"நானும் இல்லை. அவவின்ர லைனைத் திறக்கப் போறன். உங்கட மைக்கைத் திறக்கிறது உங்கட விருப்பம். கதைக்காட்டி நான் வேற பாட்டுப் போடுறன், ஒண்டும் சொல்லமாட்டன்."

நம் கலையகத்தில் அறிவிப்பாளரின் ஒலிவாங்கிக்குத் தனி விசை உண்டு. அது அவர் கைக்குக் கீழே இருக்கும்; அழுத்தினால் சிவப்பு விளக்கு எரியும். பாட்டு முடிந்தது. மெற்றில்டாவின் ஃபேடரை ஏற்றினேன். அவர் மூச்சு விடுவது ஒலிபரப்பானது. வேறு ஒன்றும் இல்லை. ஒன்பது விநாடி மௌனம். வானொலியில் அது எவ்வளவு நீளம் என்பதை நீங்களே ஒருநாள் அறிவீர்கள்.

பிறகு சிவப்பு விளக்கு எரிந்தது.

"மெற்றில்டா," என்றார் அண்ணை. "மூண்டு வள்ளம் போனனாங்கள். நான் முன்னுக்கு. வாடைக் காத்து எழும்பி, சூசைன்ர வள்ளம் கவிண்டது. அவன் அடிப்பலகையில ஏறிக்கொண்டவன். மற்றவையைக் காணேல்ல, அவனைக் கண்டனாங்கள். இருநூறு யார் தூரம் இருக்கும். ஒரு கையால பிடிச்சுக்கொண்டு மற்றக் கையை எங்களுக்கு ஆட்டினவன். என்ர வள்ளத்தில ஆறு பேர். கிட்டப் போனால் நாங்களும் கவிழுவம் எண்டு நினைச்சனான். ரெண்டு பேர் போவம் எண்டவை. நான் தலைவர், நான் சொன்னதுதான் நடக்கும். எஞ்சினைத் திருப்பச் சொன்னனான். பிறகு கூட்டத்தில காணேல்ல எண்டு எழுதினதும் நான்தான். கண்டனாங்கள். காத்து விடேல்ல எண்டது பாதி. மற்றப் பாதி நான்."

என் கை ஃபேடரில் இருந்தது. அதை அசைக்கப் பயமாக இருந்தது.

"எந்தக் கையை ஆட்டினவன்?" என்று கேட்டார் மெற்றில்டா.

அண்ணை கண்ணை மூடினார். "வலக்கை."

"அவன் இடக்கைக்காரன்."

"ஓம். இடக்கையால பிடிச்சுக்கொண்டு இருந்தவன்."

"அதுதான் பலமான கை," என்றார் மெற்றில்டா. பிறகு, "சரி. நான் வைக்கிறன்," என்றார். வைத்துவிட்டார்.

நேரம் பதினொன்று ஐம்பத்தெட்டு. எழுத்துப்படியில் மிச்சம் இருந்தது தீர்ப்பு: ஆறு பேருக்கும் ஒரே வாக்கு. அதை நான் வாசிக்க வேண்டியிருந்தது. கண்ணாடிக்குள் அண்ணை தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எதிரே அமர்ந்து அந்தப் பக்கத்தை வாசித்தால் அது ஏதென்ஸைப் பற்றியதாக இருக்காது. தீர்ப்புச் சொல்லும் வேலை எங்களில் எவருக்கும் தரப்படவில்லை. தீர்ப்பை அடுத்த வாரம் வாசிப்போம் என்று அறிவித்து, மிச்ச நேரத்தைப் பாட்டால் நிரப்பினேன். அன்று நான் சரியாகச் செய்த ஒரே காரியம் அது என்று இப்போதும் நினைக்கிறேன். லைனைத் திறந்தது சரிதானா என்பதில் எனக்கு இன்னும் முழு நிச்சயம் இல்லை.

செய்திகள் இரண்டு நாளாக வந்தன. மெல்பேணில், வெரிபீயில் இருந்து ஒருவர், காரை ஓரங்கட்டி நிறுத்திவிட்டுக் கேட்டதாகவும் பிறகு எங்கே போக வெளிக்கிட்டோம் என்பது மறந்துபோனதாகவும் எழுதினார். அண்ணையை உடனே நீக்க வேண்டும் என்று சிலர் எழுதினார்கள். ஒரு முதியவரை வானொலியில் வைத்து அவமானப்படுத்தியதற்காக என்னை நீக்க வேண்டும் என்று அதைவிடக் கூடுதலானவர்கள் எழுதினார்கள். எல்லாவற்றையும் அச்செடுத்துக் கோப்பில் வைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை அண்ணை நேரத்துக்கு வந்தார். தீர்ப்பைத் தானே வாசிப்பதாகச் சொன்னார். ஆறு பேரைக் கொன்றதையும், பிறகு ஊர் வருந்தியதையும் அவர் குரலில்தான் ஒலிபரப்பினோம். ஆண்டுக்கூட்டத்தில் அவர் போட்டியிடவில்லை. ஆனால் வந்தார். தலைவர் கதிரையை விட்டிறங்கி, மண்டபத்தின் நடுவில் ஒரு கதிரையைத் தானே இழுத்துப் போட்டு அமர்ந்து, கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொன்னார். ஒன்றேமுக்கால் மணி நேரம். எவரும் எதற்கும் வாக்கெடுக்கச் சொல்லவில்லை. மெற்றில்டா முன்வரிசையில் இருந்தார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அண்ணை இப்போது வெரிபீயில் மகளோடு இருக்கிறார். நத்தார்ப் பண்டிகைக்குத் தொலைபேசியில் அழைப்பார். பேச்சின் நடுவில் அவர் நிறுத்தும் இடங்களுக்காகவே நான் தொலைபேசியை இடது காதுக்கு மாற்றிக்கொள்வேன். வாசியுங்கோ அண்ணை, எதையாவது வாசியுங்கோ என்று கேட்க மனம் வரும். இதுவரை கேட்டதில்லை.

கூட்டத்துக்குப் பிறகு ஒரு மாதம் கழித்து மெற்றில்டா கலையகத்துக்குத் தொலைபேசியில் அழைத்தார். அந்த ஒலிப்பதிவு வேண்டும் என்றார். முழு நிகழ்ச்சி வேண்டாம், அண்ணை பேசிய இடம் மட்டும். தொலைபேசிக்கு அனுப்பலாம்தான். நான் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு ரயிலில் குவேக்கர்ஸ் ஹில்லுக்குப் போனேன். கணவர் வேலைக்குப் போயிருந்தார். குசினி மேசையில் தேத்தண்ணியும் ரோல்ஸும் வைத்தார். என்னை அதிகம் பேசவிடவில்லை. போடுங்கோ அக்கா என்றார்.

போட்டேன். மூன்று வள்ளம், வாடை, கவிழ்ந்தது, அடிப்பலகை. அவர் மேசை விளிம்பைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். "மற்றக் கையை எங்களுக்கு ஆட்டினவன்" என்று அண்ணையின் குரல் வந்ததும் கையை நீட்டினார்.

"இதில நிப்பாட்டுங்கோ."

நிறுத்தினேன்.

"இதோட வெட்டித் தரேலுமோ? பின்னால இருக்கிறது எனக்குத் தெரியும். அது வேண்டாம்."

பேசுகிறவரைப் பேச்சின் நடுவில் வெட்டக் கூடாது என்றுதான் எங்களுக்குப் பழக்கியது. உங்களுக்கும் அப்படித்தான் பழக்குவார்கள். ஒருவர் சொன்னதில் பாதியை எடுத்து மீதியை விட்டால் அது பொய்யாகிவிடும். ஆனால் முழுப்பதிவு கலையகத்தில் இருக்கிறது, எவர் கேட்டாலும் கிடைக்கும், அண்ணை சொன்ன எல்லாவற்றோடும். இந்தப் பிரதி ஒரே ஒருத்தருக்கு. முப்பது ஆண்டுகளாக இன்னொரு கரையில் தமையனைத் தேடியவர் அவர்.

சரி என்றேன். "ஆட்டினவன்" என்ற சொல்லுக்குப் பின்னால் அண்ணை விட்ட மூச்சு முடியும் வரை விட்டு, அங்கே வெட்டினேன். கேட்டுப் பார்த்தார். இன்னொருமுறை போடச் சொன்னார். மூன்றாம் முறை தன் தொலைபேசியில் தானே போட்டுக்கொண்டார்.

அன்றைய பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்: குவேக்கர்ஸ் ஹில், செவ்வாய், காலை பத்து நாற்பது. ஒரு பிரதி கொடுத்தேன். நீளம் இருபத்தெட்டு விநாடி. அதில் அண்ணையின் வள்ளம் இன்னும் திரும்பவில்லை.